பச்சைத் தோலை மருந்து எதுவும் போடாமல், முறுக்கியும் இழுத்துமே உறுதியான, வளையும் தோலாக்க முடியுமா?

முடியும். ஆனால் கிடைப்பதைப் 'பதனிட்ட தோல்' என்று சொல்ல முடியாது. பதனிடுதல் வேதி வேலை. பட்டைச் சாறோ குரோமிய உப்போ தோலின் இழைகளைப் பற்றிக்கொண்டு, அழுகலையும் சூட்டையும் தாங்க வைக்கிறது. மென்மை அப்படி வருவதில்லை, அது பெரும்பாலும் உடலுழைப்பின் பலன். பதனிட்ட தோலைக்கூட எண்ணெயும் அசைவும் இல்லாமல் உலரவிட்டால் அட்டை மாதிரி விறைத்துப் போகும். பதனிடாத பச்சைத் தோலை விடாமல் அசைத்து உலர்த்தினால் கயிறு போலத் துவளும்.

விறைப்பு எங்கிருந்து வருகிறது? ஊறிய பச்சைத் தோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்கிற புரத இழை. இந்த இழைகள் கட்டுக்கட்டாக, அடித்துத் திரட்டிய கம்பளி போல எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கின்றன. தண்ணீர் வெளியேற வெளியேற இழைகள் ஒன்றையொன்று நெருங்கி ஒட்டிக்கொள்ளும், நடுவே கிடக்கும் கொழகொழப்பும் சேர்ந்து இறுகிவிடும். தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரம் இதே தோலிலிருந்து வருவதுதான். பச்சைத் தோல் தன்னைத்தானே ஒட்டிக்கொள்ளும் சரக்கு. ஒட்டுகிற அந்த நேரத்தில் இழைகளை நகர்த்திக்கொண்டே இருந்தால் ஒட்டுவதற்கு வாய்ப்பில்லை. நகர்ந்த இடைவெளியில் கொழுப்பு புகுந்துவிட்டால் பிறகும் ஒட்டாது. உலகில் எந்த முறையை எடுத்தாலும் உள்ளே நடப்பது இவ்வளவுதான். அதே தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அசைக்காமல் உலர்த்திப் பாருங்கள், மேளத்துக்கான தோல் கிடைக்கும்.

முறுக்கையும் இழுப்பையும் மட்டுமே நம்பிச் செய்த முறைகளில் முழுமையான ஒன்று தென்னாப்பிரிக்காவில் எருதுகள் வண்டி இழுத்த காலத்து வார் முறை. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் வாருக்கு 'ரீம்' என்று பெயர், அதை முறுக்கிப் பக்குவப்படுத்துவதற்கு 'பிரெய்'. எருதைக் கட்டவும், வண்டியில் சரக்கைப் பிணைக்கவும், கட்டில் நாற்காலிக்குப் பின்னவும் இந்த வார்தான் பயன்பட்டது. கீழே வருவது பெரும்பாலும் அந்த முறை.

முதிர்ந்த மாட்டின் தோல் வேண்டும். முதுகும் பின்புறமும் இழை நெருக்கமான பகுதி. வயிறு தளர்ந்து நீளும், கழுத்து மடிப்பு விழுந்திருக்கும், கால் பகுதியால் பயனில்லை. மூன்றையும் வெட்டித் தள்ளுங்கள். வயிற்றையும் சேர்த்தால் வார் அதிகம் வருமே என்று தோன்றும், ஆனால் அறுந்தால் அந்த இடத்தில்தான் அறும். உரிக்கும்போது சதைப் பக்கம் கத்தி பட்ட கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். 4 மில்லிமீட்டர் தோலில் 1 மில்லிமீட்டர் கீறல் சிறிதாகத் தெரியலாம், முறுக்கும்போது கிழிசல் அங்கேதான் தொடங்கும்.

உப்பிட்ட தோலானால் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை முழுக்க வெளியேற்ற வேண்டும். உப்பு தங்கிய வார் மழைக்காலத்தில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிச் சொதசொதக்கும். பிறகு உருண்டையான மரத்தின் மேல் விரித்து, இரண்டு கைப்பிடியுள்ள மழுங்கிய கத்தியால் சதைப் பக்கத்துச் சவ்வையும் நிணத்தையும் தள்ளி எடுங்கள். அறுக்கக் கூடாது, தள்ள வேண்டும். சவ்வு மிஞ்சிய இடத்தில் தண்ணீர் வெளியேறாது, கொழுப்பும் உள்ளே போகாது. மயிரை அதே கத்தியால் சுரண்டலாம். சுண்ணாம்பில் ஊறவைத்தால் வேலை சுலபம், இழைகளுக்கு இடையே உள்ள கொழகொழப்பும் ஓரளவு கரைந்து போகும். ஆனால் சுண்ணாம்பு உள்ளே தங்கிவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் வார் விறைப்பாகவே இருக்கும். கழுவியபின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, வெட்டுமுகத்தில் ஒரு சொட்டு பீனால்ஃப்தலீன் (காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் சோதனைத் திரவம்) விடுங்கள். நடுவில் இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தால் சுண்ணாம்பு இன்னும் போகவில்லை.

வார் வெட்டுவதற்குத் தோலை முதலில் வட்டமாக ஒதுக்கி, வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே போகும் சுருளாக ஒரே நீளத்துக்கு வெட்டுவார்கள். எவ்வளவு கிடைக்கும் என்பது எளிய கணக்கு: பரப்பை அகலத்தால் வகுத்தால் நீளம். 1 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டினால் சுமார் 26 மீட்டர். நடுவில் 20 சென்டிமீட்டர் வட்டத்தை விட்டுவிட வேண்டும். அங்கே வளைவு இறுக்கமானதால் வாரின் ஒரு ஓரம் மறு ஓரத்தைவிட நீளமாகி, எவ்வளவு இழுத்தாலும் கோணல் போகாது. ஆக 25 மீட்டர். இழுபட்டு உலரும்போது வார் குறுகும், அதனால் வேண்டிய அகலத்தைவிடச் சற்று அதிகமாக வெட்டுவது நல்லது.

இனி முறுக்கு. 4 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் வலுவான கிளையோ முக்காலியாகக் கட்டிய மரங்களோ வேண்டும். மேலே ஒரு கொக்கி, கீழே ஓர் ஆள் எடைக்குக் குறையாத கல். வாரைக் கொக்கிக்கும் கல்லின் பிடிக்கும் இடையே பல சுற்று ஓட்டி, முனைகளைக் கட்டிவிடுங்கள். கல் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். சுற்றுகளுக்கு நடுவே, கல்லுக்குச் சற்று மேலே ஒரு நீளக் கோலைச் செருகி, அதைத் தள்ளிக்கொண்டே சுற்றிச் சுற்றி நடந்தால் வார்கள் புரி ஏறி, கல் மேலே எழும். இனி ஏறாது என்ற நிலையில் கோலை உருவிவிட்டால் கல் தன் எடையால் எதிர்த்திசையில் சுழன்று இறங்கும், இறங்கிய வேகத்தில் மறுபக்கமும் கொஞ்சம் புரி ஏறும். சுழற்சி நின்றதும் மறுபடி கோல். இம்முறை எதிர்த்திசையில் நடக்கலாம். கோலை உருவும் ஆளைத் தவிர மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும். பிடி நழுவினால் அந்தக் கோல் விலாவை முறித்துவிடும்.

வெறும் இழுப்பு செய்யாததை முறுக்கு செய்கிறது. இழுத்தால் இழைகள் நீளவாக்கில் ஒழுங்காகும், ஆனால் நெருக்கமும் கூடும். முறுக்கினால் ஒரு கட்டு இழை பக்கத்துக் கட்டின் மேல் வழுக்கும், தண்ணீரும் பிழிந்து வெளியே வரும். அவிழும்போது அந்த இடம் திறக்கும், மேலே தடவிய கொழுப்பு உள்ளே இழுபடும். தொங்கும் எடை இழைகளை நீளவாக்கில் ஒழுங்காக்குவதால் வாரின் நீளவாட்டு உறுதி கூடும், பிறகு பாரம் ஏற்றும்போது நீள்வது குறையும். இதற்கு விலையும் உண்டு: வார் நீளவாக்கில் பிளப்பது எளிதாகிவிடும். வாரின் முனையில் துளை போட்டுக் கோப்பதைவிட முடிச்சுப் போடுவது நல்லது என்பது இதனால்தான்.

கொழுப்பு ஒரே தடவையில் வேண்டாம். முதல் நாள் ஈரம் சொட்டுகிற வரைக்கும் தடவியது வழிந்து போகும். பிழிந்தால் துளி வராத நிலையிலிருந்து, சில முறுக்குக்கு ஒரு முறை மெல்லிய பூச்சு போதும். உப்பில்லாத மாட்டுக் கொழுப்போ ஆட்டுக் கொழுப்போ தனியாக இருந்தால் குளிரில் கட்டியாகும். மாட்டுக் குளம்பு எண்ணெய் கலந்தால் இளகும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகிப் படலமாகும், அதைத் தொடவே வேண்டாம். கொழுப்பைக் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் சூடாக்காதீர்கள். ஈரமான பச்சைத் தோல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் சுருண்டு பசையாகத் தொடங்கும். அப்படிச் சுருண்டதை மீட்க வழி கிடையாது.

பதம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் பலரும் தவறவிடுவது. தராசு இருந்தால் கணக்காகச் சொல்லலாம். ஊறிய வார் 10 கிலோ என்றால் அதில் உலர்ந்த சரக்கு சுமார் 3.5 கிலோ. எடை 7 கிலோவுக்கு இறங்கினால் ஈரம் பாதி. அதுவரை முறுக்குவது தண்ணீரைப் பிழிவதற்குத்தான், மென்மைக்குப் பெரிதாக உதவாது. 7 கிலோவிலிருந்து சுமார் 4.3 கிலோ வரை, அதாவது ஈரம் 18 சதவீதத்துக்கு வரும்வரை, வேலையை நிறுத்தக் கூடாது. இழைகள் ஒட்டுவது இந்தக் கட்டத்தில்தான். இடையில் தடவிய கொழுப்பின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

தராசு இல்லாவிட்டால் நிறத்தைப் பாருங்கள். ஈரத்தோல் சற்றே ஒளி ஊடுருவும் சாம்பல் நிறம். இழைகள் பிரிந்து இடையில் காற்று புகுந்த இடம் வெள்ளையாக, ஒளி புகாததாக மாறும். ஒட்டிக்கொண்ட இடம் கண்ணாடி போல மஞ்சளாகத் தெரியும். தொடுவதற்கு உள்ளங்கையை நம்பாதீர்கள், வாரைக் கன்னத்தில் வையுங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. இரவில் வேலையை நிறுத்தத்தான் வேண்டும் என்றால் ஈரச் சாக்கில் நன்றாகச் சுற்றி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வெயிலும் காற்றும் பகை. மேல்பரப்பு முந்தி உலர்ந்து மூடிக்கொண்டால் உள்ளே ஈரம் சிக்கும். அந்த நிலையில் வலுவாக முறுக்கினால் மயிர்ப் பக்கம் குறுக்கே வெடிக்கும்.

பெரும்பாலும் நடக்கும் இன்னொரு தவறு: கொக்கியிலும் கல்லின் பிடியிலும் மடியும் இடங்கள் முறுக்கில் சேர்வதே இல்லை. ஒவ்வொரு சில சுற்றுக்கும் வாரை ஒரு முழம் நகர்த்தாவிட்டால், முடிவில் நீளம் முழுவதும் துவண்டு, ஒழுங்கான இடைவெளியில் மரக்கட்டை மாதிரி முடிச்சுகள் நிற்கும். அப்படி நின்றால் தோல் வீணாகவில்லை. அந்த இடத்தை நனைத்து, ஊறியபின் மறுபடி அதே வேலை. எத்தனை முறை நனைத்துத் திரும்பச் செய்தாலும் கெடுதல் இல்லை, பொதுவாக இரண்டாம் முறை முதலாவதைவிட மெத்தென்று வரும்.

வார் இல்லாமல் அகலத் தோலாக வேண்டுமென்றால் கல் தொங்கவிடும் முறை உதவாது. மான், ஆடு போன்ற மெல்லிய தோலுக்கு, மயிரோடு மேலுள்ள மணிப்படலத்தையும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அந்தப் படலம்தான் அதிகம் இறுகுவது. மூளையையோ முட்டை மஞ்சளையோ கரைத்து ஊட்டி (இரண்டும் கொழுப்பை நீரோடு கலக்க வைப்பவை), தோலைக் கிடைக்கம்பத்தின் மேல் மாலையாக மடித்துப் போட்டு, கோல் செருகிப் பிழிவார்கள். பிறகு நட்டுவைத்த மழுங்கிய பலகை முனையில் அப்படியும் இப்படியும் இழுப்பார்கள். ஓரமும் வயிறும் முதலில் உலரும், கழுத்து கடைசியில். எனவே முதலில் ஓரங்களிலேயே சுற்றி வந்து, நடுப்பகுதிக்குப் பிறகு போக வேண்டும். நடுவில் மும்முரமாக இருக்கும்போது ஓரம் தகரமாகிவிடும்.

தொழிற்சாலையில் நடப்பதும் இதேதான், தோல் மட்டும் ஏற்கெனவே பதனிட்டது. ஃபிளெஷிங் மிஷினில் திருகு வடிவக் கத்தி பொருத்திய உருளை சதையை நீக்கும். ஸ்பிளிட்டிங் மிஷின் கனத்த தோலை அடுக்காகப் பிரிக்கும், ஷேவிங் கனத்தைச் சீராக்கும். ஸ்டேக்கிங் மிஷினில் மேலும் கீழும் முளைகள் உள்ள தட்டுகள் அதிர்ந்து, ஒன்றின் முளை மற்றதன் இடைவெளியில் இறங்கித் தோலை எல்லாப் பக்கமும் நெளிக்கும். அங்கேயும் தோலின் ஈரத்தை 18 முதல் 22 சதவீதத்துக்குள் கொண்டுவந்த பிறகே மிஷினில் விடுவது வழக்கம். அதைவிட உலர்ந்திருந்தால் மேற்பரப்பு வெடிக்கும்; ஈரம் கூடினால் நெளிந்த தோல் பிறகு உலரும்போது மறுபடி விறைக்கும். மில்லிங் டிரம்மில் உலர்ந்த தோல்களைப் போட்டுச் சில மணி நேரம் உருட்டினால் இன்னும் துவளும். அளவு மீறினால் மணிப்படலம் அடித்தோலிலிருந்து தளர்ந்து, மடித்த இடத்தில் பெரிய சுருக்கம் விழும். அதைச் சரிசெய்ய முடியாது.

முறுக்கிய பச்சை வாரின் பலவீனம் தண்ணீர். ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டால் நிமிடங்களில் சுருண்டு பசையாகும், நன்றாகக் குரோமியத்தில் பதனிட்டது அசையாது. மழையில் நனைந்தால் வார் ஊதி வழுக்கும். அப்படியே காயவிட்டால் பழைய விறைப்பு வரும், ஈரமாகவே சுருட்டி வைத்தால் நாறும். நனைந்த வாரை நிழலில் தொங்கவிட்டு, அரை ஈரம் ஆனதும் கையால் முறுக்கி நீவி, கொழுப்புத் தடவி முடிக்க வேண்டும். மெல்லிய தோலானால் உளுத்த கட்டையின் புகையில் சில மணி நேரம் காட்டலாம். புகையிலுள்ள ஆல்டிஹைடுகள் இழைகளைப் பிணைப்பதால், நனைந்து உலர்ந்தாலும் கொஞ்சம் கசக்கினாலே இளகிவிடும். ஆனால் அது ரசாயனம்தான். 'மருந்து இல்லாமல்' என்ற நிபந்தனை அந்த இடத்தில் முறிந்துவிடும்.