வாசிக்கக் கஷ்டப்படும் பிள்ளைகள்: வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

மகன் தரம் 3. சொன்ன கதையை அப்படியே திருப்பிச் சொல்வான், வாசிக்கச் சொன்னால் அழுகிறான். வகுப்பில் 'மொக்கு' என்கிறார்களாம். டிஸ்லெக்சியாவா? (தாய், ஒட்டுசுட்டான்)

இருக்கலாம் அம்மா. முதலில் மாவட்ட வைத்தியசாலையில் கண்ணையும் காதையும் காட்டுங்கள். டிஸ்லெக்சியா புத்திக் குறைவே இல்லை, ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் பிறப்பிலிருந்தே இருக்கும் சிக்கல். 'கோழி' என்று சொல்லும்போது 'க்' தான் முதலில் வருகிறது, எழுதும்போதோ கொம்பு (ே) முன்னுக்கு, அரவு (ா) பின்னுக்கு. என்னிடம் வந்த ஒரு பிள்ளை அந்தக் கொம்பிலேயே விரலை வைத்தபடி வெகுநேரம் நின்றது. ஒலியைச் சொல்லிச் சொல்லி மணலில் எழுதவிடுங்கள், தினமும் 15 நிமிடம் போதும். அந்த 'மொக்கு' என்ற சொல்லை நிறுத்தச் சொல்லி ஆசிரியரிடம் நேரே கதையுங்கள்.

மகள் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுவாள். மேலதிக நேரம் கிடைக்குமா? (தந்தை, கிளிநொச்சி)

கேட்கலாம். விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்குப் பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம் கொடுக்கிறது. வைத்திய அறிக்கையோடு பாடசாலை ஊடாக விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே இப்போதே தொடங்குங்கள். அதிபரிடம் வாயால் கேட்காமல் கடிதமாகக் கொடுத்து, பிரதியை வைத்திருங்கள்.

சட்டம் எங்கள் பக்கமா? (ஆசிரியை, மல்லாவி)

பாதிதான். இயலாமையுள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனால் வாழ்க்கைத் தேவைகளைத் தானே முழுதாகவோ பகுதியாகவோ நிறைவேற்ற முடியாதவரைத்தான் அது இயலாமையுள்ளவர் என்கிறது. தானே சாப்பிட்டு, உடுத்து, சைக்கிளில் பள்ளிக்கு வரும் பிள்ளை இதற்குள் எப்படி வரும்? இயலாமையுள்ளவர்களின் உரிமைகள் பற்றி இலங்கை 2016 இல் ஏற்ற ஐ.நா. சாசனத்தின் பார்வை இதைவிட அகலமானது. வரைவிலக்கணத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டும், ஆரம்பப்பிரிவு ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் பயிற்சி வேண்டும், டிஸ்லெக்சியாவைக் கண்டறியும் சோதனையும் தமிழுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும், ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்த்தால் நம் கொம்பும் அரவும் அதில் அகப்படாது.

2009 இல் எனக்குப் பத்து வயது. இடம்பெயர்ந்து படிப்புக் குழம்பியது. இன்றும் படிவம் வாசிக்க வராது. போரினாலா, டிஸ்லெக்சியாவினாலா? (புதுக்குடியிருப்பு)

தம்பி, இரண்டுமாகவும் இருக்கலாம். உங்களோடு முகாமிலிருந்த சகோதரர்கள் பிறகு பள்ளிக்குப் போய் வாசிப்பைப் பிடித்துக்கொண்டார்களா, நீங்கள் மட்டும் நின்றுவிட்டீர்களா என்று யோசியுங்கள். அப்படியென்றால் இது டிஸ்லெக்சியாவாக இருக்க இடமுண்டு. வன்னியில் எல்லாவற்றையும் இடம்பெயர்வின் கணக்கில் எழுதிவிட்டதால் இப்படி எத்தனை பேர் கவனிக்கப்படாமல் போனார்களோ என்பதுதான் என் கவலை. இப்போதைக்குக் கைப்பேசியில் தமிழை வாசித்துக் காட்டும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தில் படிவம் தந்தால், வாசித்துக் காட்டச் சொல்லி வெட்கப்படாமல் கேளுங்கள்.