திறந்த மூல மென்பொருளுக்குப் பணம் எங்கிருந்து வரும்? கேள்வி பதில்

கேள்வி: யாரும் எடுத்துத் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும்படி திறந்து வைத்த என் நிரல்தொகுப்பை ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்துகிறார்கள். நன்கொடைப் பொத்தான் வைத்து ஒரு வருடமாகியும் வந்தது சொற்பம். தவறு எங்கே?

பதில்: தவறு உங்களுடையது இல்லை. இணையத்தின் பாதுகாப்பான பரிமாற்றத்தில் பெரும்பங்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல நிரல்தொகுப்பை நம்பியிருந்தது. 2014-இல் அதில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோதுதான், அதற்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் என்று பலருக்கும் தெரிந்தது. முழுநேர ஊழியர் ஒரே ஒருவர்!

உங்கள் நிரலை எடுத்துப் பயன்படுத்துபவர் நிரலர். அவரது நிறுவனத்தில் பணப் பொறுப்பு வேறொருவரிடம். அவருக்கு நன்கொடை என்று கணக்கு எழுத வழியிருக்காது. விலைப்பட்டியல் வந்தால் கொடுத்துவிடுவார். அதனால் ஆதரவு ஒப்பந்தமாக விற்றுப் பாருங்கள்: வழுவுக்கு இத்தனை நாளில் பதில், பழைய பதிப்புக்கு இத்தனை வருடம் பாதுகாப்புத் திருத்தம். எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளுக்குப் பதிப்புரிமையே கிடையாது, யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் நிறுவனங்கள் அதன் கூட்டமைப்பில் ஆண்டுக் கட்டணம் கட்டி உறுப்பினராக இருக்கின்றன. அவர்கள் வாங்குவது நிரலை அல்ல, அதை எழுதியவர்கள் நாளையும் இருப்பார்கள் என்ற உறுதியை.

கேள்வி: அப்படியானால் நன்கொடையே வீணா?

பதில்: இல்லவே இல்லை. பயனர் தினமும் கண்ணால் பார்க்கும் கருவி என்றால் நன்றாகவே வரும். முப்பரிமாணப் படம் உருவாக்கும் பிளெண்டரைத் திறந்த மூலமாக்க 2002-இல் ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ திரண்டது. இன்றும் அதன் வளர்ச்சி நிதிக்குத் தனிநபர்களும் நிறுவனங்களும் பணம் தருகிறார்கள். ஓவிய மென்பொருளான கிரிட்டா இன்னொரு வழி பிடித்தது: இலவசமாகவும் கிடைக்கும், ஸ்டீம் என்ற இணையக் கடையில் விலைக்கும் கிடைக்கும். வசதிக்காகவும் அன்புக்காகவும் வாங்குகிறார்கள். பின்னணியில் ஓடும் நிரல்தொகுப்புக்கு இந்த அன்பு கிடைப்பது அரிது.

கேள்வி: உரிமத்தை மாற்றிக் கட்டணம் கேட்கலாமா?

பதில்: முதல் நாளிலிருந்தே இரட்டை உரிமம் (திறந்த மூல உரிமம் ஒன்று, கட்டண உரிமம் ஒன்று) என்றால் சரி, செயலிகள் உருவாக்க உதவும் கியூட்டி அப்படித்தான் நடக்கிறது. பாதியில் மாற்றுவது ஆபத்து. சர்வர் அமைப்புகளை நிரலாக எழுத உதவும் டெராஃபார்ம் 2023-இல் உரிமத்தை மாற்றியதும், அதன் பழைய நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற தனித் திட்டம் பிரிந்தது. தரவுத்தள மென்பொருளான ரெடிஸ் 2024-இல் மாற்றியதும் அதேபோல் வால்கீ பிரிந்து வந்தது. பங்களித்தவர்களின் நம்பிக்கை ஒருமுறை போனால் திரும்ப வருவது கடினம்.

கேள்வி: அரசு மானியம்?

பதில்: கேளுங்கள். ஜெர்மனியின் சாவரின் டெக் ஃபண்ட் 2022 முதல் பராமரிப்பு வேலைக்கே பணம் தருகிறது. ஆனால் மானியம் ஒருநாள் முடியும். பாதுகாப்புச் சோதனை, ஆவணங்கள் போன்ற தேங்கிய வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளமாக எண்ண வேண்டாம்.

கேள்வி: வேலை முடிந்து இரவில் தனியாகப் பராமரிக்கிறேன். சோர்ந்துவிட்டேன், பணம் கேட்கவும் கூச்சம்.

பதில்: கூச்சப்படாதீர்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் தொகுப்பையும் சம்பளமின்றி ஒருவரே சுமந்துவந்தார். உதவ வந்தவர்போல நம்பிக்கை பெற்ற ஒருவர் அதில் பின்கதவு (கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி) வைத்தது 2024-இல் வெளிவந்தது. உங்கள் சோர்வு உங்கள் பயனர்களுக்கும் ஆபத்துதான். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும் என்பதை முகப்புப் பக்கத்தில் எழுதுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் என்ன கட்டணம் என்பதையும் கீழேயே போடுங்கள். அப்புறம், அவசரம் என்று எழுதும் முதல் நிறுவனத்துக்கு அந்தப் பக்கத்தின் இணைப்பையே பதிலாக அனுப்புங்கள்.