கிளினிக்குக்குப் போனால் பென்ஷன் நிற்குமா?

கேள்வி: என் கணவர் 22 வருடம் ஆமியில் இருந்து ஓய்வுபெற்றவர். இரவில் தூங்குவதில்லை, குடி கூடிவிட்டது. “நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி” என்கிறார். மனநல கிளினிக்குக்குப் போனால் பைத்தியம் என்று எழுதிப் பென்ஷனை நிறுத்திவிடுவார்களாம். உண்மையா?
– ஒரு சகோதரி, தலவாக்கலை

பதில்: இல்லை தங்கச்சி. மருந்து எடுத்தார் என்பதற்காக, உழைத்து வாங்கிய பென்ஷன் நிற்காது. கிளினிக் கொப்பி உங்கள் கையில்தான் இருக்கும். டாக்டர் விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது.

இதைச் சொன்னவர் யார்? “கடிதம் எடுத்துத் தருகிறேன்” என்று வங்கி அட்டையையும் கேட்டாரா? கொடுக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு அம்மா கிளினிக் கொப்பியை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தார். கணவரின் அட்டை எட்டு மாதமாகத் தரகரிடம். பொலிஸ் பிடிக்கும் என்றும் பயம் காட்டியிருக்கிறார்கள். தற்கொலைக்கு முயல்வது 1998 முதல் இலங்கையில் குற்றமே அல்ல. அடித்துக் குடியை நிறுத்தும் இடங்களுக்கும் அனுப்பாதீர்கள்.

“சாக வேண்டும் போல இருக்கிறதா?” என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, மனப்பாரம்தான் இறங்கும். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றே வெளியேற்றுங்கள். ஆபத்தான பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகுதான் நம் நாட்டில் தற்கொலை பாதிக்கும் கீழே இறங்கியது. கிளினிக்கில் தரும் மாத்திரைகளை நீங்களே வைத்திருந்து வேளைக்கு வேளை கொடுங்கள். குணம் தெரிய சில வாரம் ஆகும், இடையில் நிறுத்த வேண்டாம்.

பொதுவாக, அவரே சம்மதிக்கும்வரை பேசிப் பார்க்கலாம் என்பேன். ஒரு நிலைமையில் மட்டும் சம்மதத்துக்குக் காத்திருக்காதீர்கள். கடன் கணக்கையெல்லாம் எழுதிக் கொடுக்கிறார், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லி விடைபெறுவது போலப் பேசுகிறார், பல நாள் இருண்டிருந்த முகம் திடீரென்று அமைதியாகிவிட்டது என்றால், “சரியாகிவிட்டார்” என்று நினைக்க வேண்டாம். கிளினிக் நாள் வரட்டும் என்றும் இருக்க வேண்டாம். தனியாக விடாமல், நடுச்சாமம் ஆனாலும் முச்சக்கரவண்டி பிடித்து, கிட்டவுள்ள அரச ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

யுத்தம் முடிந்தது 2009இல். போரில் நின்றவனைத் தேடிவந்து தூக்கம் வருகிறதா என்று கேட்க இன்றும் ஆளில்லை. மலையகத்தில் தமிழில் பேசி மருந்து தரும் மனநல டாக்டர்களும் போதாது. எனக்கு இது ஆறாத கோபம்.

1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி எண்ணுக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலேயே பேசலாம். அவர் பேச மறுத்தால் நீங்கள் பேசுங்கள்.