வெடிக்காத அனியூரிசம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

(மூளைக்குள் ரத்தக்குழாய்ச் சுவர் ஓரிடத்தில் நைந்து, சின்னப் பலூன் போலப் புடைப்பதுதான் அனியூரிசம்.)

கேள்வி: தலைவலிக்கு எம்ஆர்ஐ எடுத்ததில் 4 மி.மீ. அனியூரிசம் தெரிந்தது. உடனே ஆபரேஷனா டாக்டர்?

பதில்: பதற வேண்டாம். பெரியவர்களில் 100க்கு 3 பேரிடம் இது இருக்கிறது. பலருக்கு அது கடைசிவரை தெரிய வருவதே இல்லை. பல நாடுகள் சேர்ந்து நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், மூளையின் முன்பக்கக் குழாய்களில் 7 மி.மீ.க்குக் குறைந்தவை, முன்பு ரத்தக்கசிவு வராதவர்களிடம் 5 ஆண்டில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. 25 மி.மீ.யைத் தாண்டியவற்றில் 40 சதவீதம் வெடித்தன. பின்பக்கக் குழாய் என்றால் கணக்கு இன்னும் மோசம். அதற்காகச் சின்னது வெடிக்கவே வெடிக்காது என்று நினைக்காதீர்கள். வெடித்து வருகிறவற்றில் சின்னவையும் உண்டு.

கேள்வி: ஆபரேஷனில் அப்படி என்ன ஆபத்து? கிளிப் நல்லதா, காயில் நல்லதா?

பதில்: கிளிப் என்றால் மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் டைட்டானியக் கவ்வியைப் போடுவது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில இடங்களில் சுவர் அவ்வளவு மெல்லிசு, உள்ளே ரத்தம் சுழல்வதே தெரியும். ஒட்டினாற்போல நூல் மாதிரி ஓடும் கிளைக் குழாய் ஒன்று கவ்வியில் சேர்ந்து மாட்டினால் பக்கவாதம்தான். காயில் என்றால் தொடை அல்லது மணிக்கட்டு வழியே குழாய் விட்டு, பிளாட்டினச் சுருளால் உள்ளே நிரப்புவது. இதில் ரத்தம் உறைந்து அடைக்கலாம், புடைப்பும் கிழியலாம். பல ஆய்வுகளைத் தொகுத்த 2019 கணக்கில், முதல் மாதச் சிக்கல் காயில் வழியில் சுமார் 5 சதவீதம், கிளிப்பில் சுமார் 8. உயிரிழப்பு இரண்டிலும் 1 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் காயில் போட்டது சிலருக்கு மறுபடி திறந்துகொள்ளும். ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கணும். கிளிப் பெரும்பாலும் ஒரே தடவையோடு முடிந்துவிடும். என்னைக் கேட்டால், எது என்பதைவிட அந்த ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு எத்தனை செய்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, 5 மி.மீ. செய்யலாமா?

பதில்: ஆபரேஷன் ஆபத்து மொத்தமும் இன்றைக்கே வந்துவிடும், வெடிக்கும் ஆபத்து வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருவது. 40 வயதுக்காரருக்குச் சேர நிறைய வருஷம் இருக்கிறது, அப்பாவுக்கு அவ்வளவு இல்லை. வயது ஏற ஏறச் சிக்கலும் கூடும். நானாக இருந்தால் ஸ்கேனில் கண்காணிப்பேன். பிரஷரைக் கட்டுப்படுத்துங்கள். சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்டென்ட் (ரத்தக்குழாய்க்குள் வைக்கும் வலைக்குழாய்) வைத்தபின், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

பதில்: வைத்த டாக்டர் சொல்லும்போது. பல் பிடுங்கப் போனால்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: 6 மி.மீ. என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நேற்றிலிருந்து இடது இமை தொங்குகிறது, பார்வை இரண்டாகத் தெரிகிறது. அடுத்த வாரம் செக்கப், அப்போது சொல்லலாமா?

பதில்: கூடாது. புடைப்பு பெருத்துக் கண் நரம்பை அழுத்தலாம். வெடிப்பதற்கு முன் வரும் அறிகுறியாகவும் இருக்கலாம். வண்டி ஓட்டாமல், யாரையாவது கூட்டிக்கொண்டு இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பழைய ஸ்கேனைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.