கையெழுத்துப் போடும் முன்: அடுக்குமாடி வீடு குறித்த வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சென்னையின் தெற்கு, மேற்கு விளிம்புகளில் எழுந்துவரும் புதிய அடுக்குமாடிகளைப் பற்றியவை. காரணம் தெரிந்ததுதான். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத் தடங்கள் 118.9 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டு வேலை நடக்கிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டுவிட்டது. விளம்பரத் தாள்களில் இவை எல்லாவற்றுக்கும் வீடு "பத்தே நிமிடத் தொலைவில்" இருக்கிறது. எந்த நேரத்தில் கிளம்பினால் பத்து நிமிடம் என்பதை மட்டும் ஒருவரும் அச்சிடுவதில்லை.

கேள்வி: மேடவாக்கத்துக்கு அப்பால் கட்டத் தொடங்கியிருக்கும் ஓர் அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீடு பார்த்திருக்கிறோம். விலையில் கால் பங்கை இந்த மாதமே கட்டினால் சலுகை உண்டு, ஒப்பந்தத்தைப் பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்கிறார்கள். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணுக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொல்கிறார்கள். பணம் கட்டலாமா?
— வாசகி, மடிப்பாக்கம்

பதில்: கட்ட வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, மனை 500 சதுர மீட்டரையும் (ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டு) வீடுகளின் எண்ணிக்கை எட்டையும் தாண்டிய திட்டத்தைப் பதிவு செய்யும் முன் விற்கக் கூடாது. முன்பதிவு வாங்கக் கூடாது. விளம்பரம் செய்வதற்குக்கூட அனுமதியில்லை. "விண்ணப்பித்திருக்கிறோம்" என்பது பதிவு ஆகாது. பதிவான பிறகும், விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது. உங்களிடம் கேட்கப்படுவது 25 சதவீதம். சலுகை என்ற பெயரில் சட்டம் தந்த பாதுகாப்பை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதே இதன் பொருள்.

பதிவு எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அந்த எண் வந்த பிறகுதான் வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் கிடக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு செயல்படத் தொடங்குகிறது. கட்டுமானம் எந்த அளவுக்கு முடிந்திருக்கிறது என்று பொறியாளர், கட்டட வடிவமைப்பாளர், பட்டயக் கணக்கர் ஆகிய மூவரும் சான்று தந்தால் அந்த அளவுக்கு மட்டுமே பணத்தை எடுக்க முடியும். முன்பெல்லாம் ஒரு திட்டத்துக்கு வந்த பணம் அடுத்த ஊரில் நிலம் வாங்கப் போய்விடும்; முதல் திட்டம் நான்காம் தளத்துத் தூண் கம்பிகளோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்தப் பழக்கத்துக்குப் போட்ட கடிவாளம் இது.

விளம்பரத் தாளைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். அதில் சொன்னதை நம்பிப் பணம் கட்டி, அது பொய்யாகப் போனால் இழப்பீடு கோருவதற்கு 12-ஆவது பிரிவு இடம் தருகிறது. பரப்பளவைக் கேட்கும்போது, பொது இடங்களையும் சேர்த்துச் சொல்லும் "சூப்பர் பில்ட்-அப்" கணக்கை ஒதுக்கிவிட்டு, வீட்டுக்குள் புழங்கும் பரப்பான கார்ப்பெட் ஏரியாவை எழுத்தில் வாங்குங்கள். அதில் உட்புறத் தடுப்புச் சுவர்கள் சேரும். வெளிச்சுவரும் பால்கனியும் சேரா. படிக்கட்டுக்கும் லிஃப்டுக்கும் சேர்த்துத்தான் சதுர அடிக்கு இவ்வளவு என்று நீங்கள் விலை பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது அப்போது விளங்கும்.

கேள்வி: யு.டி.எஸ். (பிரிக்கப்படாத நிலப் பங்கு) குறைவாக இருந்தால் என்ன குறைந்துவிடும்? குடியிருக்கப் போவது வீட்டில்தானே, நிலத்தில் அல்லவே? பத்திரச் செலவு எவ்வளவு ஆகும்?
— வாசகர், குரோம்பேட்டை

பதில்: குடியிருப்பது வீட்டில்தான், ஆனால் ஆண்டுகள் ஏற ஏறக் கட்டடத்தின் மதிப்பு தேய்கிறது, நிலத்தின் மதிப்புதான் நிற்கிறது. பிரிக்கப்படாத நிலப் பங்கு என்பது அந்த நிலத்தில் உங்களுக்கு உள்ள உரிமை. ஆறு கிரவுண்டு, அதாவது 14,400 சதுர அடி மனையில் மொத்தம் 28,800 சதுர அடிக்கு வீடுகள் கட்டினால், 1,200 சதுர அடி வீட்டுக்கு 600 சதுர அடி நிலம் வர வேண்டும். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், உயரமல்லாத கட்டடங்களுக்கு மனைப்பரப்பைப் போல் 2 மடங்கும் உயர்மாடிக் கட்டடங்களுக்கு 3.25 மடங்கும் தளப்பரப்பை அனுமதிக்கின்றன. ஆகவே இருபது மாடியில் பங்கு சுருங்குவது கணக்கின் விளைவே தவிர ஏமாற்று அல்ல. எல்லா வீடுகளுக்கும் காட்டியிருக்கும் பங்குகளைக் கூட்டினால் மனையின் அளவுக்குச் சரியாக வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வராமல் மிச்சம் இருந்தால், அந்த மிச்சத்தை யாருக்காக வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிற்காலத்தில் மேலே ஒரு மாடி எழும்புவதற்கான விதை அங்கேதான் இருக்கும்.

பத்திரச் செலவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நிலப் பங்குக்கு ஒரு பத்திரம், கட்டுமானத்துக்கு ஓர் ஒப்பந்தம் என்ற பழைய முறை மாறி, புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் ஒரே பத்திரம் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது அறிவிக்கப்பட்டபடி 50 லட்சம் ரூபாய் வரை 4 சதவீதமும், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதமும் முத்திரைத் தீர்வை. பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி. வீட்டின் விலையோடு இதையும் சேர்த்தே கடன் கணக்கைப் போடுங்கள்.

கேள்வி: கட்டி முடித்த வீட்டுக்கு ஜி.எஸ்.டி. உண்டா?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: பணி நிறைவுச் சான்று வந்த பிறகு முழுத் தொகையையும் செலுத்தினால் இல்லை. சான்றுக்கு முன் முன்பணமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் உண்டு. கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு 5 சதவீதம். சென்னை போன்ற பெருநகரில் கார்ப்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம்.

கேள்வி: ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் வீடு வாங்க எண்ணம். நிறுவனம் அனுப்பும் ட்ரோன் படங்களில் எல்லாம் பசுமையாகத் தெரிகிறது. மழையில் தண்ணீர் நிற்குமா என்பதை இங்கிருந்தபடியே எப்படிக் கண்டறிவது?
— வாசகர், ஷார்ஜா

பதில்: படத்தில் பசுமையாகத் தெரிவது எது என்பதை முதலில் பாருங்கள். அது சதுப்பில் வளரும் கோரைப்புல்லாக இருந்தால் உங்கள் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது.

தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. இத்தனை ஏரிகளுக்கும் வாசல் ஒன்றே. வாசல் அடைபட்டால் தண்ணீர் வீட்டுக்குள் வரும் என்பதை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பார்த்துவிட்டோம். இந்தச் சதுப்பு நிலத்தில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதி தருவதை, அறிவியல் ஆய்வு முடியும்வரை நிறுத்திவைக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025-இல் உத்தரவிட்டது. எனவே உங்கள் மனையின் புல எண் அந்த வளையத்துக்குள் வருகிறதா, திட்ட அனுமதி எந்தத் தேதியில் கிடைத்தது, வழக்கின் இன்றைய நிலை என்ன என்ற மூன்றையும் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

ஷார்ஜாவிலிருந்தே நீங்கள் பார்க்கக்கூடியவையும் உண்டு. வருவாய்த் துறையின் இணையச் சேவையில் புல எண்ணைக் கொடுத்து, நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டையும் அதன் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் எடுங்கள். நிலம் ஏரி, குட்டை, வாய்க்கால், மேய்க்கால், கழுவெளி (சதுப்பு நிலம்) என்று எங்காவது குறிக்கப்பட்டிருக்கிறதா, மனையின் ஓரமாக வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு ஊரின், தெருவின் பெயரைக் கவனியுங்கள். தாங்கல் என்று முடியும் பெயர் நீர்நிலையைச் சொல்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது; அங்கிருந்து பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. பெயர் மாறுவதற்குள் ஏரி போய்விடுகிறது, ஆனால் மழைத் தண்ணீருக்குப் பழைய முகவரி மறப்பதில்லை.

ஊரில் உள்ள உறவினர் ஒருவரை நவம்பர் மாதத்தில், பெருமழை ஓய்ந்த மறுநாள், அங்கே அனுப்புங்கள். மாடல் ஃபிளாட்டுக்குள் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். பக்கத்து வீடுகளின் மதில் சுவரில் நீர்க்கறை எந்த உயரத்தில் இருக்கிறது, மின்வாரியப் பெட்டிகளை எவ்வளவு மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள், பழைய வீடுகள் சாலையைவிடப் பள்ளமாகிவிட்டனவா என்பதைப் பார்த்துவிட்டு, தெருமுனை டீக்கடைக்காரரிடமும் ஆட்டோ ஓட்டுநரிடமும் 2023-இல் படகு வந்ததா என்று கேட்டால் போதும். எந்த ஆலோசகரின் அறிக்கையையும்விட எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். வாகன நிறுத்தம் தரைக்குக் கீழே இருக்கும் திட்டமானால், நீரிறைக்கும் மோட்டாருக்கான ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது என்றும் கேட்கச் சொல்லுங்கள். அதையும் தரைக்குக் கீழேயே வைத்திருக்கும் கட்டடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி இருக்கிறது, வங்கியும் கடன் தர முன்வந்திருக்கிறது. அதற்குப் பிறகும் கட்டடத்தின் உறுதியைத் தனியாகப் பார்க்க வேண்டுமா?
— வாசகர், போரூர்

பதில்: போரூரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பது நெஞ்சை உறுத்துகிறது. உங்கள் ஊரை ஒட்டிய மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்தில் இருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்கும் திட்ட அனுமதி இருந்தது. அருகில் எஞ்சி நின்ற மற்றொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். திட்ட அனுமதி என்பது பெரும்பாலும் உயரம், பக்க இடைவெளி, தளப்பரப்பு, சாலை அகலம் ஆகியவற்றைப் பார்த்துத் தருவது. தூணுக்குள் எத்தனை கம்பி என்பதற்கு அதில் கையொப்பமிடும் கட்டமைப்புப் பொறியாளர் பொறுப்பு. வங்கியின் வழக்கறிஞர் பத்திரத்தையும் மதிப்பீட்டாளர் விலையையும் பார்க்கிறார்கள். கான்கிரீட்டை இருவரும் தட்டிப் பார்ப்பதில்லை.

மண் பரிசோதனை அறிக்கையையும் கான்கிரீட் கட்டிகளின் 28 நாள் வலிமைச் சோதனை முடிவுகளையும் கேளுங்கள். தர மறுப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையன்று சொல்லாமல் மனைக்குப் போங்கள். கான்கிரீட்டைக் குறைந்தது ஏழு நாள், சாம்பல் கலந்த சிமெண்டானால் பத்து நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. விடுமுறை நாளிலும் தூண்களைச் சுற்றிய சாக்கு நனைந்திருந்தால் மேஸ்திரி நல்லவர். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்குக் கீழே முட்டுகளை ஏழு நாளாவது, அதற்கு மேல் போனால் பதினான்கு நாளாவது பிரிக்கக் கூடாது. மாதம் ஒரு தளம் என்று பெருமையடிக்கும் இடங்களில், சென்ட்ரிங் பலகைகள் எந்தத் தேதியில் எந்தத் தளத்துக்கு மாறின என்று கேளுங்கள். குடிபுகுந்த பிறகு ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலையின் தரத்திலோ குறை தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் செலவின்றிச் சரிசெய்வது கட்டியவரின் கடமை. ஆனால் பூச்சு வெடிப்பைச் சரிசெய்வது எளிது, தூணைச் சரிசெய்வது எளிதல்ல.

கேள்வி: எங்கள் குடியிருப்பு 1980-களில் கட்டியது, பதினாறு வீடுகள். இடித்துக் கட்டித் தர ஒரு நிறுவனம் முன்வந்திருக்கிறது. பதினான்கு பேர் சம்மதித்துவிட்டோம். தரைத்தளத்தில் இருக்கும் இரண்டு முதியவர்கள் மட்டும் மறுக்கிறார்கள். சட்டம் எங்கள் பக்கமா?
— வாசகி, அசோக் நகர்

பதில்: எண்ணிக்கையில் உங்கள் பக்கம்தான். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்து 2024 மார்ச்சில் நடைமுறையான தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் மறுகட்டுமானத்துக்கு வழி செய்கிறது. பதினாறில் அது பதினொன்று.

ஆனால் மறுக்கும் அந்த இருவரின் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தீர்களா? எழுபது வயதுக்கு மேல் இரண்டு, மூன்று ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, திரும்பிவரும்போது ஐந்தாம் மாடி கிடைத்தால் என்ன செய்வது என்று அவர்கள் பயந்தால் அது நியாயமான பயம். பணி பாதியில் நின்றால் வாடகையை யார் தருவார்கள் என்று கேட்டால் அது உங்கள் பதினான்கு பேருக்குமான கேள்வி. தரைத்தளமோ முதல் தளமோ அவர்களுக்கே என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சாவி கையில் வரும்வரை மாத வாடகை, அதற்கு வங்கி உத்தரவாதம், ஒவ்வொருவருக்கும் மிஞ்சும் நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்ற அட்டவணை ஆகியவையும் அதில் இருக்கட்டும். நிறுவனத்துக்குத் தரும் பொது அதிகாரப் பத்திரம் நிறுவனத்தின் பங்குக்கு வரும் வீடுகளை விற்பதோடு நிற்கட்டும். உங்கள் வீடுகள் மீது கடன் வாங்கும் அதிகாரம் அதில் ஒரு வரியாகக்கூட இருக்கக் கூடாது. இந்த வரைவை எடுத்துக்கொண்டு ஒரு மாலை வேளையில் அந்த முதியவர்கள் வீட்டுக்குப் போங்கள். பதினான்கு பேரும் சேர்ந்து போக வேண்டாம்; இருவர் போதும்.