கீறலையும் சேர்த்துப் படம் எடுங்கள்

சொந்தக் காரை ஆப் மூலம் வாடகைக்கு விடுகிறவர்களும், அப்படிக் கார் எடுத்து ஓட்டுகிறவர்களும் எழுதிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: காரை ஆப்பில் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. மூன்று வருடம் ஓடிய நல்ல கார், வாடகையும் அதிகமில்லை. நாலு படம் போட்டிருக்கிறேன். பார்க்கிறார்கள், ஆனால் ஒருவரும் புக் செய்யவில்லை. என்ன குறை?

பதில்: நீங்கள் அனுப்பிய நாலு படங்களையும் பார்த்தேன். குறை காரில் இல்லை. முதல் படம் உச்சி வெயிலில் எடுத்தது. பானெட் வெளுத்துக் கிடக்கிறது, கதவுகள் இருட்டாக இருக்கின்றன, பின்னால் குப்பைத் தொட்டி நிற்கிறது. இரண்டாவது படத்தில் பாதிக் கார்தான் இருக்கிறது. மூன்றாவதில் பின் சீட்டில் ஒரு ஈரத் துண்டு. நாலாவது வெறும் ஸ்டீயரிங். முன்பின் தெரியாத ஒருவர் இதை நம்பி எப்படிப் பணம் கட்டுவார்?

காரைக் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்திருக்கும்போது எடுங்கள். பின்னணிக்கு ஒரு வெறும் சுவரோ காலி இடமோ போதும். முதலில் போன் கேமராவின் லென்ஸைத் துணியால் துடையுங்கள். படம் புகை மூடின மாதிரி இருப்பதற்குப் பெரும்பாலும் கைரேகைதான் காரணம். 0.5 என்று இருக்கிற அகலக் கோணத்தைத் தொடாதீர்கள், அதில் காரின் மூக்கு பெருத்து உடம்பு கோணலாகத் தெரியும். பத்துப் பதினைந்து அடி தள்ளிப்போய்க் குத்துக்காலிட்டு, ஹெட்லைட் உயரத்துக்குப் போனைப் பிடித்து, முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரிகிற மூலையிலிருந்து எடுங்கள். முன் சக்கரத்தின் ரிம் கேமராவைப் பார்க்கும்படி ஸ்டீயரிங்கை ஒடித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படம்தான் விளம்பரத்தில் முதலில் வர வேண்டும்.

அப்புறம் பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, முன் சீட், பின் சீட். எஞ்சின் ஓடும்போது டாஷ்போர்டையும் ஒரு படம் எடுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதும், எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்பதும் அதில் தெரிந்துவிடும். கடைசியாக டிக்கி. 400 லிட்டர் கொள்ளும் என்று எழுதினால் யாருக்கும் கண்ணில் படாது. ஒரு பெரிய பெட்டியையும் ஒரு சின்னப் பெட்டியையும் உள்ளே வைத்துப் படம் எடுங்கள், ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

கேள்வி: கார் கம்பெனி வெளியிட்ட படங்கள் அழகாக இருக்கின்றன. அதே மாடல், அதே நிறம். அவற்றைப் போடலாமா?

பதில்: கூடாது. அது உங்கள் கார் இல்லை.

கேள்வி: பின் பம்பரில் ஒரு கீறல், இடது கதவில் சின்ன டொக்கு. இதையெல்லாம் காட்டினால் யாரும் வரமாட்டார்கள் என்கிறார் என் கணவர். காட்டத்தான் வேண்டுமா?

பதில்: காட்டுங்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பல வருட ஆதங்கம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் விளம்பரத்தைப் பார்த்து ஒரு பழைய கார் வாங்கினேன். எல்லாப் படங்களிலும் கார் நனைந்திருந்தது. நேரில் போனபோதும் அப்போதுதான் கழுவிய மாதிரி நீர் சொட்டிக்கொண்டு நின்றது. சுத்தமாக வைத்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலையில் என் வாசலில் காய்ந்து நின்ற காரைப் பார்த்தால், வலது பக்கத்து இரண்டு கதவுகளும் வேறு நிறம். கூரை முழுக்க மெல்லிய கீறல்கள். தண்ணீர் மேலே நின்றால் மெல்லிய கீறல் கண்ணுக்குத் தெரியாது, மறுபடி பெயிண்ட் அடித்த இடமும் பிரிந்து தெரியாது. விற்றவருக்கு அது தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதவுகள் எப்போது, எதில் இடித்து மாறின என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நாலு வருடம் அந்தக் காரை ஓட்டினேன். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அந்த ஆளின் சிரித்த முகம் ஞாபகம் வரும்.

அதனால் சொல்கிறேன். ‘புதுசு மாதிரி’, ‘சூப்பர் கண்டிஷன்’ என்ற வார்த்தைகளை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள், அதை நம்பி ஒருவரும் வருவதில்லை. வாடகைக்கு எடுக்கிறவருக்கு மனசுக்குள் மூன்று பயம் இருக்கும். கார் வழியில் நின்றுவிடுமா? ஏசி குளிருமா? நான் செய்யாத சேதத்துக்கு என்னிடம் பணம் கேட்பார்களா? கீறலை நீங்களே படம் எடுத்துப் போட்டால் மூன்றாவது பயம் அங்கேயே தீர்ந்துவிடும். இதைச் சொல்கிறவர் மற்றதையும் மறைக்க மாட்டார் என்று முதல் இரண்டும் பாதி குறைந்துவிடும்.

உங்களுக்கும் இதில் பாதுகாப்பு இருக்கிறது. பழைய கீறல்கள் எல்லாம் தேதியோடு பதிவாகியிருந்தால் புதிதாக வந்தது எது என்பதில் வாக்குவாதமே வராது. ஒவ்வொரு சேதத்துக்கும் இரண்டு படம் எடுங்கள். எந்த இடம் என்று தெரிகிற மாதிரி தள்ளி நின்று ஒன்று, பக்கத்தில் ஒரு நாணயத்தைப் பிடித்து நெருக்கமாக ஒன்று. கீழே ஒரு வரி போதும்: “பின் பம்பர், வலது மூலை, விரல் நீளக் கீறல்.”

ஆனால் ஒன்று. பிரேக், டயர், கண்ணாடியில் ஓடும் விரிசல் ஆகியவை விளம்பரத்தில் எழுதித் தப்பிக்கிற விஷயங்கள் இல்லை. சரி செய்யும்வரை காரை யாருக்கும் கொடுக்காதீர்கள். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால், மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், மாற்றியாக வேண்டும். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர். டயர் புதிதாக இருந்தால் அதையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

கேள்வி: ஏழு சீட் என்று போட்டிருந்ததால் ஏழு பெரியவர்களுக்காக ஒரு காரை எடுத்தோம். மூன்றாவது வரிசையை நிமிர்த்திய பிறகு இரண்டு பைகளுக்குக்கூட டிக்கியில் இடமில்லை. ஏமாற்றுதானே?

பதில்: ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஏழு சீட் என்றார், ஏழு சீட் இருந்தது. இந்த அளவிலுள்ள பல கார்களில் மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் டிக்கி கையளவுதான் மிஞ்சும். ஏழு பேரின் பெட்டிகளோடு கிளம்புகிறவர் புக் செய்யும் முன் ஒரு செய்தி அனுப்பிக் கேட்டிருக்கலாம். உரிமையாளர் மூன்றாவது வரிசையை நிமிர்த்திய நிலையில் ஒரு படம் போட்டிருந்தால் உங்கள் பயணம் கெட்டிருக்காது என்பதும் உண்மை. இதைப் படிக்கிற ஏழு சீட் உரிமையாளர்கள் இன்றைக்கே அந்தப் படத்தைச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டேன். டீசல் என்று விளம்பரத்தில் இருந்ததாம், நான் கவனிக்கவில்லை. சாவி கொடுக்கும்போது உரிமையாளர் ஞாபகப்படுத்தியிருக்க வேண்டாமா?

பதில்: விளம்பரத்தில் எழுதியிருந்தார். டேங்க் மூடியிலும் எழுதியிருக்கும். இன்னும் எத்தனை இடத்தில் எழுத வேண்டும்? செலவு உங்களுடையது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இருந்தால் டேங்கைக் காலி செய்வதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஸ்டார்ட் செய்து ஓட்டியிருந்தால் செலவு ஏறும்.

கேள்வி: காரைத் திருப்பிக் கொடுத்த மறுநாள், ரிம்மில் உரசல் என்று உரிமையாளர் பெரிய தொகை கேட்கிறார். நான் எடுக்கும்போதே அது இருந்தது. கைக்குழந்தையோடு அவசரத்தில் கிளம்பியதால் படம் எடுக்கவில்லை. கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: கட்டாதீர்கள், இப்போதைக்கு. இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மனசு பொறுக்கவில்லை. ஒருமுறை முன்கண்ணாடியில் இருந்த பழைய கல்லடிக்கு நானும் இப்படிப் பணம் கட்டியிருக்கிறேன். நீண்ட பயணம் முடிந்த அலுப்பில், வாதாடத் தெம்பில்லாமல் கட்டிவிட்டேன். அந்த அலுப்பை நம்பித்தான் கேட்கிறார்கள்.

முதல் வேலையாக அவருடைய விளம்பரத்தைத் திறந்து ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த உரசல் எங்காவது தெரிந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், அவர் நாளைக்கே படத்தை மாற்றிவிடலாம். முன்பு எடுத்தவர்கள் எழுதிய விமர்சனங்களையும் படியுங்கள், யாராவது அதைக் குறிப்பிட்டிருக்கலாம். பிறகு ஆப்பின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் மறுப்புச் சொல்லுங்கள், போனில் பேசி முடிக்காதீர்கள். மறுப்புக்குக் காலக்கெடு வைத்திருப்பார்கள், அதைத் தாண்டிவிட வேண்டாம். உங்களிடம் கார் கொடுப்பதற்கு முன் எடுத்த படத்தைத் தேதி, நேரத்தோடு காட்டச் சொல்லுங்கள். அவரிடம் அது இல்லையென்றால் உரசல் உங்களால் வந்தது என்று எதை வைத்துச் சொல்வார்?

அடுத்த முறை சாவி வாங்கியதும் காரை ஒரு சுற்று சுற்றி வீடியோ எடுத்துவிடுங்கள். நாலு ரிம், பம்பரின் கீழ் விளிம்பு, முன்கண்ணாடி, எரிபொருள் முள், கிலோமீட்டர். இரண்டு நிமிடம் போதும். திருப்பிக் கொடுக்கும்போதும் அப்படியே.

கேள்வி: ‘ஃபுல் இன்சூரன்ஸ் உண்டு’ என்று விளம்பரத்தில் எழுதினால் நம்பிக்கை வரும் என்கிறான் என் மகன். எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த பாலிசி, காரை வாடகைக்கு விட்டிருக்கும் நேரத்தில் பெரும்பாலும் செல்லாது. ஆப் தருகிற பாதுகாப்பு தனி. அதில் ஓட்டுகிறவர் தன் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும், எதற்கெல்லாம் பாதுகாப்பு இல்லை என்று நிபந்தனைகள் இருக்கும். இந்தத் தொழிலின் தொடக்க நிறுவனங்களில் ஒன்றான ரிலேரைட்ஸ், அதாவது இன்றைய டூரோ, காப்பீடு பற்றித் தவறான நம்பிக்கை கொடுத்தது என்று நியூயார்க் மாநில நிதிச் சேவைகள் துறை 2013 மே மாதம் நடவடிக்கை எடுத்தது. அந்த மாநிலத்தில் சேவையையே அவர்கள் நிறுத்த வேண்டி வந்தது. காப்பீடு பற்றி ஆப் தந்திருக்கிற வாசகத்தை மட்டும் விளம்பரத்தில் விடுங்கள். உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடமும் காரை வாடகைக்கு விடுவதைச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கேள்வி: என்னுடையது மின்சாரக் கார். எத்தனை கிலோமீட்டர் போகும் என்று எழுத வேண்டும்?

பதில்: உங்களுக்கு எத்தனை போகிறதோ அத்தனை. கம்பெனி சொல்லும் எண் சோதனைக்கூடத்தில் வந்தது. நெடுஞ்சாலை வேகத்திலும் கடுங்குளிரிலும் அது நன்றாகக் குறையும். சார்ஜ் செய்யும் வாயைத் திறந்து ஒரு படம், டிக்கியில் கேபிள் இருப்பதை ஒரு படம், எத்தனை சதவீதத்தோடு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி.

கேள்வி: எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி எடுத்த படம் நன்றாக வந்திருக்கிறது. கதவு எண்ணும் தெரிகிறது. பரவாயில்லையா?

பதில்: வேண்டாம். கதவு எண்ணையும் காரின் நம்பர் பிளேட்டையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: படமெல்லாம் எடுத்துவிட்டேன். எழுதத்தான் வரவில்லை. நீங்களே நாலு வரி எழுதித் தந்தால் நன்றாக இருக்கும். ஐந்து சீட், பெட்ரோல், ஆட்டோமேட்டிக்.

பதில்: உங்கள் கடிதத்தில் இருந்த விவரங்களை வைத்தே எழுதியிருக்கிறேன். உங்கள் காருக்குப் பொருந்தாததை மாற்றிக்கொள்ளுங்கள்.

“ஐந்து சீட், பெட்ரோல், ஆட்டோமேட்டிக். நாலு பேர் தாராளமாக உட்காரலாம், பின்னால் மூன்றாவது ஆளுக்குக் கொஞ்சம் நெருக்கம். டிக்கியில் ஒரு பெரிய பெட்டியும் இரண்டு சின்னப் பெட்டியும் கொள்ளும், படம் பார்க்கவும். குழந்தை சீட் மாட்டக் கொக்கிகள் உண்டு, சீட் நாங்கள் தருவதில்லை. போனை புளூடூத்தில் இணைக்கலாம். ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர், அதற்கு மேல் போனால் கிலோமீட்டருக்கு இவ்வளவு. டேங்க் நிரப்பித் தருவோம், நிரப்பித் தர வேண்டும். எரிபொருள் மூடி எந்தப் பக்கம் என்று முள்ளுக்குப் பக்கத்திலுள்ள சின்ன அம்பு காட்டும். உள்ளே புகை பிடிக்கக் கூடாது. பின் கதவில் ஒரு டொக்கு, முன் பம்பரில் இரண்டு கீறல், படங்கள் கடைசியில். ஓட்டுநர் பக்கக் கதவைக் கொஞ்சம் அழுத்திச் சாத்த வேண்டும். செய்தி அனுப்பினால் பகலில் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்வேன்.”