மரமா, வலையா?

வணக்கம் அண்ணா,

மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். வவுனிக்குளத்தையும் அதன் கீழ் வயல் செய்யும் குடும்பங்களையும் பற்றி ஒரு நூல் எழுதுவதற்காகக் கொப்பி கொப்பியாகக் குறிப்புகள் சேர்த்திருக்கிறேன். பாதியைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சும் செய்துவிட்டேன். எதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. மைண்ட் மேப் மென்பொருளில் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். எதைத் தெரிவு செய்வது? என்னிடம் பழைய மடிகணினி. இணையம் கைப்பேசி டேட்டா மட்டும்.

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் உங்கள் குறிப்புகளின் வடிவத்தைப் பாருங்கள். குளத்திலிருந்து துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு), துருசிலிருந்து பெரிய வாய்க்கால், அதிலிருந்து சின்ன வாய்க்கால், பிறகு வயல். இது மரம். நடுவில் ஒரு சொல்லை வைத்துச் சுற்றிலும் கிளை பிரிக்கும் மைண்ட் மேப் இதற்கு நன்றாகப் பொருந்தும். ஃப்ரீப்ளேன் என்ற மைண்ட் மேப் மென்பொருள் இலவசம், இணையம் இல்லாமலே இயங்கும். எழுதியதை வேறு கோப்பு வடிவங்களிலும் வெளியே எடுக்கலாம்.

ஆனால் மாரி பொய்த்தால் குளத்தின் மட்டம் தாழ்கிறது. மட்டத்தைப் பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு (கோடைகால நெற்செய்கைக்கு) எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். ஏக்கர் குறைந்தால் பங்கு பிரிப்பதில் பேச்சு முற்றுகிறது; பங்கு போதாதவர் கூலிக்குப் போகிறார். இது வலை. இதை மரத்தில் ஏற்றினால் ஒரே செய்தியை மூன்று கிளைகளில் திரும்பத் திரும்ப எழுத வேண்டிவரும். உங்கள் நூலின் உயிர் இந்த வலையில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

வலைக்கு ஏற்றது எண்ணக்கரு வரைபடம். பிள்ளைகள் விஞ்ஞானத்தை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்த ஜோசப் நோவாக், 1970களில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முறை இது. இதில் பெட்டிகளுக்குள் மட்டுமல்லாமல் அவற்றை இணைக்கும் கோட்டிலும் சொல் எழுத வேண்டும். சீமேப் டூல்ஸ் என்ற இலவச மென்பொருளை உங்கள் மடிகணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டிகளை இணைத்தவுடன் அது கோட்டின் நடுவே கேள்விக்குறிகளைப் போட்டுக் காத்திருக்கும். 'குளத்து மட்டம்', 'சிறுபோகம்' என்று பெட்டிகளை நிரப்புவது எளிது. இடையில் 'தீர்மானிக்கிறது' என்று எழுதுவதா, 'தாமதப்படுத்துகிறது' என்று எழுதுவதா? அங்கே கை நிற்கும். நிற்கட்டும். தெரியாததை ஊகத்தால் நிரப்பிவிடாதீர்கள், தங்கை. அந்தக் கேள்விக்குறிகளோடு பெரியவர்களிடம் போனால், இதுவரை யாரும் அவர்களிடம் கேட்காத கேள்விகள் உங்கள் கையில் இருக்கும்.

மிரோ போன்ற இணையப் பலகைகள் பலர் சேர்ந்து வேலை செய்ய நல்லவை. தனியாக, கைப்பேசி டேட்டாவில் வேலை செய்யும் உங்களுக்கு அவை வீண் செலவு. யூஎம்எல் போன்ற குறியீட்டு முறைகளில் படம் வரையும் மாதிரியாக்கக் கருவிகளில் ஒவ்வொரு வடிவத்துக்கும் வகுத்த பொருள் உண்டு. அவை மென்பொருள் வடிவமைப்பவர்களுக்கானவை. வாய்க்கால் படம் வரைய டிரா.ஐஓ என்ற வரைபட மென்பொருளின் கணினிப் பதிப்பே போதும்.

எதை நிறுவினாலும், அதற்கு முன் பாமினியில் உள்ளதையெல்லாம் தமிழுக்குத் தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பாமினி ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் தரும் பழைய எழுத்துரு; மாற்றாமல் ஒட்டினால் பெட்டிக்குள் ஆங்கில எழுத்துகள்தான் கலைந்து கிடக்கும். தேடினாலும் எதுவும் அகப்படாது. பிறகு 'கொக்கிளாய்' என்று ஒரு பெட்டியில் எழுதி, பிடிஎஃப் ஆக வெளியே எடுத்துப் பாருங்கள். கொம்பு இடம் மாறி நின்றால் அதே படத்தைப் பிஎன்ஜி என்ற படக்கோப்பாக எடுத்துப் பாருங்கள். அதிலும் சரியாக வரவில்லையென்றால் அந்த மென்பொருளில் மேற்கொண்டு ஒரு பெட்டிகூடப் போட வேண்டாம்.

அன்புடன்,
அண்ணா